வேலியோரப் பள்ளிகள்: அயர்லாந்தின் கிராமப்புறக் கல்வியும் அதன் நினைவுகளும்

வேலியோரப் பள்ளிகள் என்பவை 18-ஆம் நூற்றாண்டிலும் 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் அயர்லாந்தின் கிராமங்களில் நடந்த தனியார் பள்ளிகள். இவற்றை அரசு நிறுவவில்லை, திருச்சபையும் நிறுவவில்லை. ஊரார் தாங்களே ஆசிரியரைத் தேடிப் பிடித்தார்கள், இடம் கொடுத்தார்கள், கட்டணமும் கொடுத்தார்கள். கத்தோலிக்கர் பள்ளி நடத்தக் கூடாது என்று சட்டம் இருந்த காலத்தில், வயல்களைப் பிரிக்கும் உயிர்வேலியின் மறைவில் பாடம் நடந்ததால் இந்தப் பெயர் வந்தது. ஐரிஷ் மொழியில் 'ஸ்கொல் கொஷ் க்ளீ' என்பார்கள். வேலியை ஒட்டிய பள்ளி என்று பொருள்.

அயர்லாந்தில் இன்றும் இப்பள்ளிகளைப் பற்றிக் கேட்டால் பெரும்பாலும் ஒரே காட்சிதான் விவரிக்கப்படும். முள்மர வேலியின் வெயில் படும் பக்கத்தில் கிழிந்த உடையுடன் பிள்ளைகள் அமர்ந்திருக்கிறார்கள். நடுவில் ஆசிரியர். சற்றுத் தள்ளி மேட்டில் ஒரு சிறுவன், சிப்பாய்கள் வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டு நிற்கிறான். இந்தக் காட்சி பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் சுமார் 150 ஆண்டுகள் நடந்த ஒரு கல்வி முறையின் முதல் சில பத்தாண்டுகளுக்கு மட்டுமே அது பொருந்தும். மீதிக் காலத்தில் அந்தப் பள்ளிகள் எப்படி இருந்தன, பெற்றோர் எதற்காகப் பிள்ளைகளை அனுப்பினார்கள் என்பதைத் தேடிப் போனால், அவ்வளவு எளிதில் படமாக வரைய முடியாத ஒரு வரலாறு கிடைக்கிறது.

தடைச் சட்டங்கள்

1691-ல் லிமரிக் நகரம் வீழ்ந்ததோடு அயர்லாந்தில் கத்தோலிக்க மன்னர் இரண்டாம் ஜேம்ஸின் தரப்பு முழுவதும் தோற்றது. வென்ற புராட்டஸ்டண்ட் ஆளும் வகுப்பினர் டப்ளின் நாடாளுமன்றத்தின் வழியாகக் கத்தோலிக்கருக்கு எதிரான சட்டங்களை ஒன்றன்பின் ஒன்றாக இயற்றினர். நிலம், ஆயுதம், பதவி, வாக்கு என்று பலவற்றைத் தொட்ட இச்சட்டங்களில் கல்வியும் ஒன்று. 1695-ல் வந்த சட்டம் இரண்டு கதவுகளை ஒரே நேரத்தில் மூடியது. கத்தோலிக்கர் தம் பிள்ளைகளைப் படிப்புக்காக வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. உள்நாட்டிலும் கத்தோலிக்கர் எவரும் பள்ளி நடத்தவோ பிறர் வீட்டில் பாடம் சொல்லித்தரவோ கூடாது. மீறினால் ஒவ்வொரு முறையும் 20 பவுண்டு அபராதமும் மூன்று மாதச் சிறையும்.

1709-ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் கடுமையானது. ஒரு கத்தோலிக்க ஆசிரியரைக் காட்டிக்கொடுப்பவருக்கு 10 பவுண்டு வெகுமதி. அந்தத் தொகை அரசுக் கருவூலத்திலிருந்து வராது; அந்தப் பகுதியில் வாழும் கத்தோலிக்கரிடமிருந்தே வசூலிக்கப்படும். பிடிபட்ட ஆசிரியர் நாடுகடத்தப்படலாம். வேலி மறைவும் காவல் சிறுவனும் இந்த ஆண்டுகளுக்குரியவை. ஒரு வீட்டுக்குள் பாடம் நடந்தால் வீட்டுக்காரரும் மாட்டிக்கொள்வார். வெட்டவெளியில் நடந்தால் வீட்டுக்காரர் என்று ஒருவர் இல்லை. ஆபத்து என்றால் கூட்டம் கலைந்துவிடும், மறுநாள் வேறொரு வயலில் கூடும்.

சட்டம் எழுதியவர்கள் எதிர்பார்த்தது நடக்கவில்லை. 1731-ல் கத்தோலிக்க மதத்தின் நிலை பற்றி ஐரிஷ் மேலவை ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. அதில் 549 கத்தோலிக்கப் பள்ளிகள் பதிவாயின. ஒளிந்து நடந்தவை எத்தனை என்பது இந்த எண்ணில் அடங்காது. தங்கள் ஊரில் பள்ளி நடப்பது அதிகாரிகளுக்கும் பாதிரிமாருக்கும் தெரிந்தே இருந்தது. ஒன்றை மூடினால் சில வாரங்களில் மற்றொன்று முளைத்தது. நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் வழக்குகள் அரிதாகிவிட்டன. சட்டம் ஏட்டில் இருந்தது, பள்ளி வயலில் இருந்தது. 1782-ல் வந்த சலுகைச் சட்டம், விசுவாசப் பிரமாணம் எடுத்துக்கொண்டு புராட்டஸ்டண்ட் ஆயரிடம் உரிமம் பெற்றால் கத்தோலிக்கர் பாடம் சொல்லித்தரலாம் என்றது. உரிமத் தேவை 1792-ல் நீக்கப்பட்டது. ஆக, கத்தோலிக்கர் பள்ளி நடத்துவது குற்றமாக இருந்த காலம் 87 ஆண்டுகள். அதன்பின் அரை நூற்றாண்டு இப்பள்ளிகள் எல்லோர் கண்ணிலும் படும்படியே நடந்தன. எண்ணிக்கையும் அப்போதுதான் உச்சத்தைத் தொட்டது.

பிள்ளைகளுக்குப் படிக்க வேறு இடமே இல்லையா என்ற கேள்வி எழலாம். இருந்தது. 1733-ல் அரச சாசனத்தோடு தொடங்கப்பட்ட 'சார்ட்டர் பள்ளிகள்' ஏழைக் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு இலவச உணவும் உறைவிடமும் கல்வியும் தருவதாக அறிவித்தன. பிள்ளை பெற்றோரைப் பிரிந்து, புராட்டஸ்டண்டாக வளர வேண்டும் என்பது விலை. சிறைச் சீர்திருத்தக்காரரான ஜான் ஹவர்ட் 1780-களில் அங்கே சென்று பார்த்தபோது பசியும் சொறியும் பிடித்த பிள்ளைகளைக் கண்டார். படிப்பை விட வேலை வாங்குவதே அதிகம் நடந்தது. இலவசப் பள்ளியைத் தவிர்த்துவிட்டு, கையில் இருந்த சில்லறையைக் கொடுத்து வேலியோரத்துக்குப் பிள்ளையை அனுப்பிய பெற்றோரின் முடிவு இந்தப் பின்னணியில்தான் விளங்கும்.

பள்ளிக்கூடம் என்ற குடிசை

வேலியோரத்தில் கோடையில் உட்காரலாம். மழையும் குளிரும் மாறி மாறி வரும் அயர்லாந்தின் குளிர்காலத்தில் அது நடக்காது. அதனால் தடைக் காலத்திலேயே களஞ்சியம், மாட்டுத் தொழுவம், கைவிடப்பட்ட குடிசை எல்லாம் பள்ளிகளாயின. தடை தளர்ந்தபின் பள்ளிக்கென்றே குடிசை கட்டினார்கள்.

அந்தக் குடிசையைக் கட்டுவதற்குத் தச்சரோ கொத்தரோ தேவைப்படவில்லை. சாலையோர மண்மேட்டைக் குடைந்து ஒரு சுவர் கிடைத்துவிடும். புல்லும் வேருமாக வெட்டியெடுத்த மண்கட்டிகளை அடுக்கினால் மற்றச் சுவர்கள். மேலே மரக்கிளைகள், அதன்மேல் வைக்கோல் அல்லது நாணல். எழுத்தாளர் வில்லியம் கார்ல்டன் (1794–1869) டைரோன் மாவட்டத்தில் தாம் படித்த பள்ளி இப்படித்தான் சாலையோர மேட்டைக் குடைந்து எழுப்பப்பட்டது என்றும், ஒரு மாதத்துக்குள் அங்கே நூற்றுக்கும் மேற்பட்ட மாணவர் சேர்ந்தார்கள் என்றும் தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். பெரும்பாலோர் பையன்கள், ஆனால் பெண்பிள்ளைகளும் கணிசமாக இருந்தார்கள். கில்கெனி மாவட்டத்துக் காலன் ஊரில் 1791-ல் எழுந்த ஒரு பள்ளிக் குடிசையைப் பற்றி அங்கே தந்தையோடு பாடம் சொன்ன ஹம்ப்ரி ஓ'சல்லிவன் தம் நாட்குறிப்பில் நினைவுகூர்கிறார்: முதல் நாள் மண்சுவர், இரண்டாம் நாள் மரம், மூன்றாம் நாள் கூரை. மூன்றே நாளில் பள்ளி தயார்.

உள்ளே ஜன்னல் என்று பெயருக்கு ஒரு துளை. நடுவில் அல்லது ஓரத்தில் நெருப்பு. சதுப்பு நிலத்தில் வெட்டிக் காயவைத்த எரிமண் கட்டியைத்தான் அந்நாட்டு ஏழைகள் விறகாகப் பயன்படுத்தினார்கள். குளிர்காலத்தில் ஒவ்வொரு பிள்ளையும் கையில் ஒரு கட்டியோடு வர வேண்டும். புகை கண்ணைக் கரிக்கும். கல்லோ மண்கட்டியோ வைக்கோல் கட்டோதான் இருக்கை. எழுதும் பிள்ளை முழங்காலையே மேசையாக்கிக்கொள்ளும். எல்லாப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் அவரவர் பாடத்தை உரக்கப் படித்ததால், பள்ளிக்கூடம் எங்கே என்று வழிப்போக்கர் யாரையும் கேட்கத் தேவையில்லை, சத்தமே சொல்லிவிடும்.

கட்டணம் பாடத்துக்குப் பாடம் வேறுபட்டது. எழுத்துக்கூட்டிப் படிப்பதற்குக் குறைவு, எழுதுவதற்குச் சற்றுக் கூடுதல், கணக்குக்கு அதற்கும் மேல், லத்தீன் படிப்பவர் எல்லோரையும் விட அதிகம் கொடுக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை செலுத்துவது வழக்கம். பணம் இல்லாதவர் வெண்ணெய், முட்டை, உருளைக்கிழங்கு, எரிமண் என்று கொடுத்தார்கள். கட்டணம் நின்றால் பிள்ளையும் நின்றுவிடும். விதைப்பிலும் அறுவடையிலும் வகுப்பு காலியாகும். இதனால் ஆசிரியரின் வருமானம் நிலையில்லாதது. பல ஆசிரியர்கள் சொந்த வீடின்றி, மாணவர் வீடுகளில் முறைவைத்துத் தங்கிச் சாப்பிட்டார்கள். அவர் தங்கும் இரவில் அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குக் கூடுதல் பாடம் நடக்கும். பெரியவர்களுக்குக் கதையும் செய்தித்தாள் வாசிப்பும் நடக்கும்.

ஆசிரியர்கள்

ஊரில் ஆசிரியருக்கு இருந்த மதிப்பு அவருடைய வருமானத்தோடு சிறிதும் பொருந்தாதது. பாதிரியாருக்கு அடுத்த இடம் அவருக்கு. கடிதம் எழுதுவது, உயில் எழுதுவது, நிலச்சுவான்தாருக்கு மனு எழுதுவது, நிலத்தை அளந்து கொடுப்பது எல்லாம் அவர் கை வேலை. ஒரு நல்ல ஆசிரியரைத் தங்கள் ஊருக்கு இழுக்க ஊர்களுக்குள் போட்டி இருந்தது. கார்ல்டனின் 'வேலியோரப் பள்ளி' என்ற கதையில் ஃபிண்ட்ராமோர் ஊரார் மாட் கவனா என்ற ஆசிரியருக்குக் குடிக்கக் கொடுத்து, இரவோடிரவாகக் கடத்திக்கொண்டே வந்துவிடுகிறார்கள். கதைக்காகச் சேர்த்த மிகையாக இருக்கலாம். ஆனால் ஆசிரியரின் தேவை எவ்வளவு என்பதை அந்த மிகை சரியாகவே காட்டுகிறது. ஒரு ஊரில் இரண்டு ஆசிரியர் வந்துவிட்டால், ஞாயிறு வழிபாடு முடிந்து கூட்டம் கலையும் இடத்தில் வைத்துப் பொதுப் போட்டி நடக்கும். கணக்குப் புதிர், இலக்கணக் கேள்வி, வாயில் நுழையாத நீண்ட சொற்கள் என்று ஒருவரை ஒருவர் மடக்குவார்கள். தோற்றவர் அடுத்த ஊர் பார்க்க வேண்டியதுதான்.

கவனாவுக்கு மூலம் கார்ல்டனின் சொந்த ஆசிரியரான பாட் ஃப்ரெய்ன். குடி, பிரம்படி, வீண் பெருமை என்று கதையில் வரும் குறைகள் ஏராளம். வேலியோர ஆசிரியர் என்றால் கோமாளி என்ற எண்ணம் ஆங்கில வாசகரிடம் பரவியதற்கு இந்தக் கதையும் ஒரு காரணம். கார்ல்டன் கத்தோலிக்கராகப் பிறந்து புராட்டஸ்டண்ட் சபைக்கு மாறியவர் என்பதையும், அவர் எழுதியது யார் வாசிப்பதற்காக என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதே கார்ல்டன் பிறர் எவரும் தராத விவரங்களைத் தருகிறார் என்பதும் உண்மை. அவரே சில காலம் வேலியோரப் பள்ளி நடத்தியவர்.

கவிஞர் ஆலிவர் கோல்ட்ஸ்மித்தின் தந்தை புராட்டஸ்டண்ட் பாதிரியார். ஆனாலும் லிசாய் கிராமத்தில் சிறுவன் கோல்ட்ஸ்மித் படித்தது தாமஸ் பைர்ன் என்ற முன்னாள் சிப்பாயிடம். ஸ்பெயினில் போரிட்டுத் திரும்பிய பைர்ன் பாடத்தை விடப் போர்க்கதையும் கொள்ளையர் கதையும் தேவதைக் கதையும் அதிகம் சொன்னார். 1770-ல் வெளிவந்த 'கைவிடப்பட்ட கிராமம்' கவிதையில் வரும் பள்ளி ஆசிரியருக்கு அவரே மாதிரி என்பது பொதுவான கருத்து. கத்தோலிக்கத் தலைவர் டேனியல் ஓ'கானல் நான்கு வயதில் ஊர் ஊராகச் சுற்றிய டேவிட் மஹோனி என்ற ஆசிரியரிடம் ஒரே அமர்வில் அகரவரிசை முழுவதையும் கற்றதாகப் பிற்காலத்தில் சொல்லிக்கொண்டார்.

ஐரிஷ் மொழியின் பெருங்கவிஞர்கள் சிலரும் இந்தத் தொழிலில்தான் வாழ்ந்தார்கள். பழைய ஐரிஷ் பிரபுக்களின் வீழ்ச்சியோடு புலவரைப் புரந்த குடும்பங்கள் அழிந்துவிட்டன. கவிதை தெரிந்தவனுக்கு மிஞ்சிய வேலை பள்ளிக்கூடம் அல்லது மண்வெட்டி. கெர்ரி மாவட்டத்து ஓவன் ருவா ஓ'சல்லிவன் (1748–1784) இரண்டையும் பார்த்தார். 18 வயதில் பள்ளி தொடங்கினார், அது நிலைக்கவில்லை. உருளைக்கிழங்கு தோண்டும் கூலியாக அலைந்தார். பிரிட்டிஷ் கடற்படையில் சேர்ந்து 1782-ல் மேற்கிந்தியத் தீவுகளில் நடந்த கடற்போரைக் கண்டார். வென்ற தளபதி ராட்னியைப் புகழ்ந்து ஆங்கிலத்தில் ஒரு பாடல் எழுதி, அதற்குப் பரிசாக விடுதலை கேட்டார், கிடைக்கவில்லை. ஒருவழியாக ஊர் திரும்பி மறுபடியும் பள்ளி திறந்த கொஞ்ச காலத்தில் இறந்துபோனார். 'நள்ளிரவு நீதிமன்றம்' என்ற நீண்ட நகைச்சுவைக் கவிதையை எழுதிய ப்ரையன் மெரிமன் கிளேர் மாவட்டத்தில் பள்ளி நடத்தியவர். பின்னர் லிமரிக் நகரில் கணக்கு சொல்லிக் கொடுத்து 1805-ல் காலமானார்.

என்ன படித்தார்கள்

அடிப்படை மூன்றுதான்: வாசிப்பு, எழுத்து, கணக்கு. கணக்குக்கு வாஸ்டர், காஃப் ஆகியோரின் நூல்கள் பரவலாக இருந்தன. வட்டி, அளவை, நில அளப்பு, கணக்குப் பதிவு போன்றவற்றுக்குப் பெற்றோரிடம் மதிப்பு இருந்தது. முன்ஸ்டர் மாகாணத்தில், குறிப்பாகக் கெர்ரியில், லத்தீன் சொல்லித்தந்த பள்ளிகளுக்குத் தனிப் பெயர். பாதிரியாராக விரும்பும் ஏழைப் பிள்ளைகள் வடக்கிலிருந்து கால்நடையாக அங்கே போவார்கள். 'ஏழை மாணவன்' என்று சொல்லிக்கொண்டு எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் உணவும் படுக்கையும் கிடைக்கும். அவனிடம் காசு வாங்குவது அவமானம் என்று மக்கள் கருதினார்கள். கார்ல்டனும் அப்படி ஒருமுறை புறப்பட்டார். வழியில் கிரானார்ட் ஊரில் கெட்ட கனவு கண்டு பயந்து வீடு திரும்பிவிட்டார்.

வாசிப்புப் புத்தகம்தான் பெரிய வேடிக்கை. ஆசிரியர் நூல் தருவதில்லை. வீட்டில் எது இருக்கிறதோ அதைப் பிள்ளை கொண்டுவரும். தலைச்சுமை வியாபாரி விற்ற மலிவு நூல்களே பெரும்பாலும் இருக்கும். 1808-ல் கிளேர் மாவட்டத்தைப் பற்றி அறிக்கை எழுதிய ஹெலி டட்டன் அங்குள்ள பள்ளிகளில் கண்ட நூல்களைப் பட்டியலிட்டு அதிர்ச்சி தெரிவித்தார். வழிப்பறிக்காரன் ஃப்ரெனியின் வாழ்க்கை, ஐரிஷ் கொள்ளையர் வரலாறு, டீஃபோவின் 'மால் ஃப்ளாண்டர்ஸ்' ஆகியவை அதில் இருந்தன. இப்படிப்பட்ட புத்தகம் படிக்கும் பிள்ளை சட்டத்தை எப்படி மதிக்கும் என்பது அன்றைய மேல்தட்டினரின் கவலை. ஒரே வகுப்பில் ஒருவன் கொள்ளையன் கதையையும் பக்கத்தில் இருப்பவன் வீரசாகசக் கதையையும் அடுத்தவள் சமய நூலையும் வைத்து எழுத்துக்கூட்டிய அந்தப் பள்ளியில், எல்லோருக்கும் ஒரே பாடம் என்ற எண்ணமே இருக்கவில்லை. ஒவ்வொரு பிள்ளையும் தனித்தனியே ஆசிரியர் முன் வந்து பாடம் ஒப்பிக்க வேண்டும்.

மொழி

வேலியோரப் பள்ளி ஐரிஷ் மொழியையும் பண்பாட்டையும் காத்த ரகசியக் கோட்டை என்பது 20-ஆம் நூற்றாண்டில் வேரூன்றிய கருத்து. இதில் பாதி உண்மைதான். ஆசிரியர்கள் பலர் ஐரிஷ் கவிஞர்கள். ஓலமிடும் குழந்தைக் கூட்டத்துக்கு நடுவே கையெழுத்துப் படிகளைப் பெயர்த்தெழுதிக் காத்தவர்கள். ஆனால் அவர்களிடம் பெற்றோர் காசு கொடுத்து வாங்க வந்த சரக்கு ஐரிஷ் அல்ல. ஐரிஷ் வீட்டிலேயே இருந்தது. 1800-ஐ ஒட்டி மக்கள்தொகையில் ஏறத்தாழ பாதிப் பேர் ஐரிஷ் பேசினார்கள். நீதிமன்றத்தின் மொழி, குத்தகைப் பத்திரத்தின் மொழி, மாட்டுச் சந்தையில் பெரிய வியாபாரியின் மொழி, லிவர்பூலுக்கோ பாஸ்டனுக்கோ கப்பல் ஏறினால் தேவைப்படும் மொழி எல்லாம் ஆங்கிலம். ஆகவே வேலியோரப் பள்ளியில் வாசிப்பு என்றால் ஆங்கில வாசிப்பு. அச்சில் மலிவாகக் கிடைத்த நூல்களும் ஆங்கில நூல்களே.

ஐரிஷ் பேசிய பிள்ளையின் கழுத்தில் ஒரு குச்சியைத் தொங்கவிட்டு, வீட்டில் ஐரிஷ் பேசும் ஒவ்வொரு முறையும் அதில் ஒரு வெட்டுப் போட்டு, மறுநாள் பள்ளியில் அந்த வெட்டுகளை எண்ணி அடிக்கும் வழக்கம் இருந்தது. மேற்கு அயர்லாந்தில் ஒரு தந்தை தம் பிள்ளையின் குச்சியில் வெட்டுப் போடுவதை நேரில் கண்டதாக வில்லியம் வைல்ட் 1850-களின் தொடக்கத்தில் எழுதினார். எழுத்தாளர் ஆஸ்கர் வைல்டின் தந்தை இவர். இந்தக் குச்சியை அரசுப் பள்ளிகளின் கொடுமையாக மட்டும் சொல்வது வழக்கம். வேலியோரப் பள்ளிகளிலும் அது இருந்தது. வெட்டுப் போட்ட கை பெரும்பாலும் பெற்றோரின் கை. தங்களுக்கு ஆங்கிலம் தெரியாத பெற்றோர், பிள்ளைக்காவது தெரிய வேண்டும் என்று வெட்டினார்கள். ஐரிஷ் பேசி வளர்ந்த ஓ'கானல்கூட அந்த மொழி மெல்ல மறைவதைப் பற்றித் தமக்கு வருத்தமில்லை என்று கருத்துத் தெரிவித்தவர்.

இதற்கு மாறாக நின்றவர் காலன் ஊர் ஹம்ப்ரி ஓ'சல்லிவன். பகலில் ஆங்கிலமும் கணக்கும் சொல்லித்தந்த அவர், 1827 முதல் 1835 வரை நாட்குறிப்பைப் பெரும்பாலும் ஐரிஷில் எழுதினார். அன்றைய வானிலை, பறவைகள், உருளைக்கிழங்கின் விலை, பசியில் வாடிய ஏழைகள், ஊர்த் திருவிழா எல்லாம் அதில் உண்டு. சாதாரண மனிதர் ஒருவரின் அன்றாடத்தை ஐரிஷில் இப்படி எழுதிய வேறு நாட்குறிப்பு அந்தக் காலத்திலிருந்து கிடைப்பது மிக அரிது.

அரசுப் பள்ளிகள் வந்தபின்

1820-களின் நடுவில் நாடாளுமன்ற ஆணையம் ஒன்று பள்ளிகளை எண்ணியது. நாட்டில் மொத்தம் 11,000-க்கு மேற்பட்ட பள்ளிகள். அவற்றில் 9,000-க்கு மேற்பட்டவை ஊரார் கட்டணத்தில் நடந்த பள்ளிகள். அவற்றில் சுமார் 4 லட்சம் பிள்ளைகள். அரசுப் பணமும் சபைப் பணமும் பெற்ற பள்ளிகள் அனைத்தையும் சேர்த்தாலும் இந்த எண்ணிக்கைக்கு அருகே வரவில்லை. ஏழைகள் தங்கள் கைக்காசில் நடத்திய கல்வியின் அளவு அரசுக்கு அப்போதுதான் முழுமையாகத் தெரிந்தது. அது மகிழ்ச்சியை விடக் கவலையையே தந்தது. 1798-ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பின் வேலியோர ஆசிரியர் என்றால் ரகசியச் சங்கங்களுக்கு மிரட்டல் கடிதம் எழுதிக் கொடுப்பவர் என்ற சந்தேகம் ஆட்சியாளரிடம் இருந்தது. சில இடங்களில் அது உண்மையும்கூட. ஊரில் எழுதத் தெரிந்த ஆள் அவர் ஒருவர்தானே.

1831 அக்டோபரில் அயர்லாந்தின் தலைமைச் செயலர் எட்வர்ட் ஸ்டான்லி எழுதிய கடிதத்தின் அடிப்படையில் தேசியக் கல்வி வாரியம் உருவானது. எல்லா மதப் பிள்ளைகளும் ஒன்றாகப் படிக்க வேண்டும், சமயப் பாடம் தனியே நடக்க வேண்டும் என்பது திட்டம். ஆசிரியருக்குச் சம்பளம், பிள்ளைக்கு மலிவான நல்ல பாடநூல், கல்லால் கட்டிய கட்டடம், ஆய்வாளர் வருகை எல்லாம் வந்தன. 1840-களின் இறுதியில் தேசியப் பள்ளிகள் 4,000-ஐத் தாண்டின. பழைய ஆசிரியர்களில் சிலர் அங்கே வேலைக்குச் சேர்ந்தார்கள். சேர முடியாதவர்களும் விரும்பாதவர்களும் குடிசையில் தொடர்ந்தார்கள். பாடநூல்கள் ஆங்கிலத்தில் இருந்தன. அயர்லாந்தின் வரலாறு அவற்றில் ஏறக்குறைய இல்லை. ஐரிஷ் மொழி 1879-ல்தான் கூடுதல் பாடமாக அனுமதி பெற்றது.

இதற்கிடையே 1845-ல் உருளைக்கிழங்கு அழுகியது. பெரும்பஞ்சம் கட்டணம் கொடுத்த மக்களையே கொண்டுபோய்விட்டது. 1841-ல் சுமார் 82 லட்சமாக இருந்த மக்கள்தொகை 1851-ல் சுமார் 65 லட்சமாகக் குறைந்தது. செத்தவர்களிலும் கப்பல் ஏறியவர்களிலும் பெரும்பான்மையினர் ஐரிஷ் பேசிய ஏழைகள். மொழியைப் பற்றி முதன்முறையாகக் கேட்ட 1851-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஐரிஷ் பேசுவோர் சுமார் 15 லட்சம், அதாவது நூற்றுக்கு 23 பேர். தொலைவான சில பகுதிகளில் மட்டும் வேலியோரப் பள்ளிகள் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை நீடித்தன.

பிள்ளைகள் சேகரித்த நினைவுகள்

இப்பள்ளிகளைப் பற்றிய மக்கள் நினைவில் பெரும்பகுதி இன்று கிடைப்பதற்குக் காரணம் ஒரு பள்ளித் திட்டம். 1935-ல் நிறுவப்பட்ட ஐரிஷ் நாட்டாரியல் ஆணையம், 1937 முதல் 1939 வரை சுதந்திர அயர்லாந்தின் 26 மாவட்டங்களிலும் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டு வாய்மொழி மரபுகளைத் திரட்டியது. கட்டுரை எழுதும் பாடவேளையை இதற்கு ஒதுக்கினார்கள். பெரும்பாலும் 11 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் பெற்றோர், தாத்தா பாட்டி, அண்டை வீட்டு முதியவர் ஆகியோரிடம் கேட்டு எழுதி வந்தார்கள். சுமார் 5,000 பள்ளிகளிலிருந்து 50,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் பங்கேற்றார்கள். ஏறத்தாழ 7,40,000 பக்கங்கள் சேர்ந்தன. கொடுக்கப்பட்ட தலைப்புகளில் பழைய பள்ளிகளும் ஒன்று.

குறிப்புகள் பெரும்பாலும் ஒரு பக்கம், இரண்டு பக்கம்தான். பள்ளி இருந்த வயலின் பெயர், ஆசிரியரின் பெயர், அவர் எங்கிருந்து வந்தார், எந்தெந்த வீட்டில் தங்கினார், என்ன கூலி, கல்லில் அமர்ந்தது, எரிமண் கொண்டுபோனது, இறகுப் பேனா, சிலேட்டு, அடி, கழுத்துக் குச்சி. பெரிய வரலாறு எதையும் இவை சொல்வதில்லை. ஆனால் அரசு ஆணையத்தின் அறிக்கையில் ஒரு எண்ணாக இருந்த பள்ளி, இங்கே இன்னாருடைய வயலின் வடக்கு மூலையில் இருந்த பள்ளியாகிறது. சுவர் கரைந்து, மேடு மட்டும் மிஞ்சிய இடத்தையும் ஊர் மறக்கவில்லை.

இந்தக் குறிப்புகளை வாசிக்கும்போது காலக் கணக்கை மனதில் வைக்க வேண்டும். 1938-ல் 80 வயதான பாட்டி 1858-ல் பிறந்தவர். அவர் நேரில் கண்டிருக்கக்கூடியது கடைசிக் காலத்துக் குடிசைப் பள்ளி. அவருடைய பெற்றோர் சொல்லக் கேட்டது, சட்டத்துக்கு உட்பட்டு நடந்த பள்ளி. சிப்பாய்க்குப் பயந்து வேலியில் பதுங்கிய பள்ளி அவர்களுக்கும் நூறாண்டு முந்தியது. ஆனாலும் ஒரே குறிப்பில் காவல் நின்ற சிறுவனும் கூலிக்கு முட்டை வாங்கிய ஆசிரியரும் அடுத்தடுத்து வருவார்கள். சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. பள்ளியில் படித்த தேச வரலாறும் வீட்டில் கேட்ட கதையும் அந்த வயதில் ஒன்றாகக் கலந்திருந்தன. 1922-ல் சுதந்திர அரசு அமைந்தபின் பாடப் புத்தகங்களில் வேலியோரப் பள்ளி ஒரு தியாகச் சின்னமாகியிருந்தது. டவ்லிங் என்ற ஆய்வாளர் இப்பள்ளிகளைப் பற்றிய முதல் விரிவான நூலை 1935-ல்தான் வெளியிட்டார்.

இன்னொன்றையும் கவனிக்கலாம். அந்த 50,000 பிள்ளைகள் அமர்ந்து எழுதியது, வேலியோரப் பள்ளிகளின் இடத்தைப் பிடித்த அதே தேசியப் பள்ளிகளில். புதிய அரசு ஐரிஷைக் கட்டாயப் பாடமாக்கியிருந்த நேரம் அது. அப்படியிருந்தும் பெரும்பாலான குறிப்புகள் ஆங்கிலத்தில் உள்ளன. ஐரிஷ் பேசியதற்காகக் கழுத்தில் குச்சி சுமந்த ஒரு முன்னோரின் கதையைப் பேரப்பிள்ளை ஆங்கிலத்தில் கேட்டு ஆங்கிலத்தில் எழுதியது.

நாடகாசிரியர் ப்ரையன் ஃப்ரீல் 1980-ல் டெரி நகரில் அரங்கேற்றிய 'மொழிபெயர்ப்புகள்' நாடகம் டொனகால் மாவட்டத்தின் ஒரு கற்பனை ஊரில், 1833-ல், ஒரு வேலியோரப் பள்ளிக்குள் நடக்கிறது. பிரிட்டிஷ் ராணுவ நில அளவையர் ஊர்ப் பெயர்களை ஆங்கிலமாக்க வருகிறார்கள். புதிய தேசியப் பள்ளி திறக்கப்போகிறது. மாணவர்கள் லத்தீனும் கிரேக்கமும் ஒப்பிக்கிறார்கள். அந்த வகுப்பில் ஆங்கிலம் வேண்டும் என்று பிடிவாதமாகக் கேட்பவள் அமெரிக்காவுக்குப் போக நினைக்கும் ஒரு கிராமத்துப் பெண். வரலாற்றாசிரியர்கள் நாடகத்தின் பல விவரங்களை மறுத்திருக்கிறார்கள். அந்தப் பெண்ணை மறுப்பது கடினம்.

ஆணையத்தின் சேகரிப்பு இப்போது டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியின் பாதுகாப்பில் இருக்கிறது. 2017-ல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் அது சேர்க்கப்பட்டது. பிள்ளைகளின் கையெழுத்துப் பக்கங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றைத் தட்டச்சில் ஏற்றும் வேலையைத் தன்னார்வலர்கள் செய்துவருகிறார்கள். மாவட்டத்தையும் ஊரையும் தேர்ந்தெடுத்தால், அந்த ஊரில் எந்த வயலில் யார் பள்ளி நடத்தினார் என்று 1938-ல் ஒரு பிள்ளை எழுதிய பக்கத்தைப் பலரும் தேடி எடுக்க முடிகிறது.